நம்பாதவர் வீட்டில் அமாவாசைச் சோறு

27.7.2024, ஒரு வாசகரின் கேள்வி

அடுத்த ஞாயிறு ஆடி அமாவாசை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. செத்தவர்கள் காக்கையாக வருவார்கள் என்ற நம்பிக்கையும் கிடையாது. வீட்டில் சோறு வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். நம்பாமல் செய்வது நடிப்பு. நடிப்பதற்குப் பதில் சும்மா இருக்கலாம். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

28.7.2024, காலை

மறுக்க வரவில்லை. எங்கள் வீட்டில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. நம்பாதவர் இறந்துவிட்டார், நம்புகிறவள் இருக்கிறாள்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 34 வருடம் ஃபிட்டர். பெரியார் கட்சி. மார்ச் 14ஆம் தேதி போய்விட்டார். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: கண்ணைக் கொடுத்துவிடவும். சங்கு, சேகண்டி, நெய்ப்பந்தம் கூடாது. கருமாதி கூடாது, யாரும் மொட்டை போடக் கூடாது. வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கவும்.

அம்மா ஒரு வரி மீறவில்லை. பதினாறாம் நாள் எந்தச் சடங்கும் இல்லாமல் கழிந்தது. அன்றைக்கும் காப்பி போட்டாள், குடிக்கத்தான் ஆளில்லை. இப்போது கோயம்புத்தூரில் என்னோடு இருக்கிறாள். நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஆடி அமாவாசைக்குச் சோறு வைக்கட்டுமா?" அவள் கேட்டது என்னிடம். அதாவது மகளிடம், அப்பாவுக்குப் பதிலாக. நான் பதில் சொல்லாமல் மிக்ஸியைப் போட்டேன்.

நம்பாதவர் செய்தால் நடிப்பு என்கிறீர்கள். நம்பாதவருக்காக நம்புகிறவள் செய்தால் அது என்ன?

28.7.2024, இரவு

காலையில் அவசரமாக எழுதியதில் ஒன்று தப்பு. அம்மா எதுவுமே செய்யவில்லை என்ற மாதிரி எழுதிவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு உயிர் போனது. தம்பி கண் வங்கிக்குப் போன் போட்டான். மதுரையிலிருந்து வர வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும், கிளம்பிவிட்டோம் என்றார்கள். அதுவரை செய்ய வேண்டியதைப் போனிலேயே சொன்னார்கள். இமையை மூடுங்கள், மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், தலையணை கொடுத்துத் தலையை உயர்த்துங்கள், ஃபேனை அணைத்துவிடுங்கள்.

சுவரில் சாய்ந்து கிடந்தவள் இதைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். அடுக்களை அலமாரியில் ஒரு முருகன் படம் உண்டு. நாற்பது வருடமாக அப்பா அதைப் பார்க்காதவர் மாதிரியே இருந்தார். அதன் பின்னால் இருந்த திரிப் பஞ்சை எடுத்து, பிய்த்து, நனைத்து, வைத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினாள். பங்குனி வெயில். சின்ன அறையில் முப்பது நாற்பது பேர், ஃபேன் இல்லை. அத்தை தாங்காமல் பேப்பரை மடித்து விசிறப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்தாள். "காத்து படக் கூடாது மதினி. கண்ணு காஞ்சிரும்."

நாலரைக்கு வந்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள்.

இந்த இரண்டரை மணி நேரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று கேள்வி கேட்டவர் சொல்லட்டும்.

30.7.2024

"அது மருத்துவ வேலை, அதில் பலன் உண்டு. சடங்கில் பலன் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஈரப் பஞ்சு வைக்கச் சொன்னார்கள், சரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த உபரியைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

இன்னொருவர், பகுத்தறிவுக் குடும்பங்களில் சடங்கே இருக்காதே, உங்களுக்கு எதற்கு இந்தக் குழப்பம் என்கிறார். நல்ல கதை. 1974இல் எங்கள் அப்பா அம்மா கல்யாணம் சுயமரியாதை முறையில் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்தை 1967ஆம் வருடச் சட்டம்தான் கொண்டுவந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, உறவினர் நண்பர் முன்னால் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும் என்று ஆக்கினார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்த காலம்.

சடங்கு இல்லை என்றா சொல்கிறீர்கள்? மந்திரம் இருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். வாழ்த்துரை மூன்று மணி நேரம் நடந்ததாம். தலைமை உரை, முன்னிலை உரை, மணமக்கள் ஏற்புரை, நன்றியுரை. வரிசை மாறினால் கோபித்துக்கொள்ளச் சம்பந்தி வேண்டியதில்லை, ஒன்றியச் செயலாளரே போதும். மாவட்டம் பேசும்போது பந்தி போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சாப்பிடாமலே போனார் என்பதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

31.7.2024

திருத்தம். "சட்டம்தான் கொண்டுவந்தது" என்று நேற்று எழுதியதை ஒருவர் பிடித்துவிட்டார். சரிதான். 1928இலேயே அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்துவிட்டது. நாற்பது வருடம் சட்ட அங்கீகாரம் இல்லாமலே செய்துகொண்டார்கள், 1967இல் செய்தது அதை ஏற்றுக்கொண்டது மட்டும்தான். முன்னால் நடந்தவையும் செல்லும் என்றும் சேர்த்தே எழுதினார்கள். எங்கள் மாவட்டத்துச் செய்தியை நானே தப்பாக எழுதியிருக்கிறேன், அப்பா இருந்தால் டைரியில் குறித்து வைத்திருப்பார்.

4.8.2024, ஆடி அமாவாசை

வைத்தோம்.

எங்கள் வீடு நாலாவது மாடி. புறாத் தொல்லைக்காகப் பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம். புறாவை நிறுத்தும் வலை காக்கையையும் நிறுத்தும் என்பது அம்மாவுக்கு இன்று காலை பத்து மணிக்குத்தான் உறைத்தது. சரி, மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அது பூட்டியிருக்கிறது. சாவி அசோசியேஷனில். செயலாளர் ஊரில் இல்லை. மாற்றுச் சாவி வாட்ச்மேனிடம், அவர் கொடுத்தால் ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். நான் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் திருச்சுழிக்காரர், வயதானவர். "தண்ணித் தொட்டி பாக்கன்னு எழுதுங்கம்மா" என்றார்.

அம்மா குளித்துவிட்டுச் சமைத்திருந்தாள். பச்சரிசிச் சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, பாயசம். வெங்காயம் பூண்டு கிடையாது. கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டைப் போட்டு வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டாள். ஊரில் கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் அது சாதாரணம். இங்கே சோலார் தகடுகளுக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில் அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கீழே கார் கழுவுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் ஒரு தடவை கூப்பிட்டேன். குரல் வரவில்லை, இருமல் மாதிரி வந்தது.

ஆறு புறா வந்தன. அம்மா "ச்சூ" என்று விரட்டினாள். போய்விட்டு ஒன்பதாக வந்தன.

என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். "தாத்தா புறாவா வந்திருக்கலாம்ல அம்மாச்சி" என்றான். அம்மா அவனை முறைத்துவிட்டுப் புறாக்களை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

காக்கை எடுத்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை உள்ளவள், மாத்திரை வேறு போட்டாயிற்று. ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை இருந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, வரவில்லை. இரண்டேகாலுக்கு அம்மா புடவையை உதறி எழுந்தாள்.

"அவருக்குத்தான் இதெல்லாம் ஆகாதே. எப்படி வருவாரு?"

சொல்லிவிட்டுக் கீழே வந்து நன்றாகவே சாப்பிட்டாள். குரலில் வருத்தம் குறைவு. மனுஷன் கடைசிவரை மாறவில்லை என்று அவளுக்குள் ஒரு பெருமை ஓடியதோ என்று எனக்குச் சந்தேகம்.

5.8.2024

வாழைக்காய் ஏன், கத்தரிக்காய் ஆகாதா என்று கேட்டவருக்கு: வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் பக்கம் நாட்டுக் காய்தான், கோஸ் கேரட் கிடையாது. அப்பாவுக்கு வாழைக்காய் என்றாலே ஆகாது, வாயு. நேற்று அது ஞாபகமே வரவில்லை.

7.8.2024

"உங்கள் புறாக்களே பதில் சொல்லிவிட்டன, ஸ்கின்னரைப் படியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தேன். 1948இல் பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்தார். அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நொடிக்கு ஒருமுறை தீனித் தட்டு வரும், போகும். கொஞ்ச நாளில் ஒரு புறா தீனிக்கு முன்னால் இடப்பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தது. ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்டியது. இரண்டு ஊசல் மாதிரி ஆடின. எட்டில் ஆறு இப்படி. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்று புறா 'நம்பியது' போல இருக்கிறது என்றார் அவர்.

மனிதச் சடங்கும் அவ்வளவுதான் என்கிறார் நம் நண்பர். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அப்பா. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார். தட்டாவிட்டால் அம்மா சோறு போடாமல் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள், தட்டட்டும் என்று. பகுத்தறிவுவாதியும் பக்தையும் சேர்ந்து ஐம்பது வருடம் நடத்திய சடங்கு. அதற்கு எந்தச் சாமியும் இல்லை, சொல்லவேண்டிய மந்திரமும் இல்லை.

ஆனால் ஒன்று உதைக்கிறது. புறாவுக்குத் தீனி வந்தது. எங்கள் மாடியில் காக்கை வரவே இல்லை, அம்மா அடுத்த அமாவாசைக்கு நாள் பார்க்கிறாள். இது எந்தக் கூண்டில் அடங்கும்?

11.8.2024

இன்று ஞாயிறு. சுருக்கமாக ஒன்று. ஞாயிறு என்றால் அப்பாவுக்கு ஆட்டுக்கறி. அம்மா இன்று அவர் போனபின் முதல் தடவையாகக் கறி எடுக்கச் சொன்னாள். சாப்பிட்டபின் எலும்பை அடுக்களை ஜன்னல் வழியாகச் சன்ஷேடில் போட்டாள், அந்த ஜன்னலுக்கு வலை கிடையாது. ஒரு நிமிடம் ஆகவில்லை, இரண்டு காக்கை. ஒன்று அண்டங்காக்கை, கன்னங்கரேல்.

அம்மா கரண்டியோடு நின்று பார்த்தாள். "அமாவாசைக்கு வரமாட்டாராம். கறிக்கு வராரு."

20.8.2024

ஸ்கின்னர் விஷயத்தில் பாதிக் கதைதான் எழுதியிருந்தேன். 1971இல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து, நொடி நொடியாகக் குறித்துப் பார்த்தார்கள். புறாவுக்குப் புறா வேறு வேறு நடனம் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. தீனி வரும் நேரம் நெருங்கினால் எல்லாமே கொத்துகிற மாதிரி செய்தன, இடைப்பட்ட நேரத்தில் சுற்றுவது, நடப்பது என்று வேறு சில. அதாவது தப்பான நம்பிக்கை என்று சொல்லத் தேவையில்லை, பசியோடு காத்திருக்கும் உடம்பு சும்மா இருக்காது, அவ்வளவுதான் என்ற பக்கம் பேச்சு திரும்பியது.

எனக்கு இது முதல் விளக்கத்தைவிடப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சரி என்று ஆகிவிடாது என்பதையும் அப்பா மகளாகச் சொல்லிவைக்கிறேன்.

3.9.2024

நேற்று ஆவணி அமாவாசை. நான் மறந்துபோனேன். அம்மா மறக்கவில்லை என்பது சாயங்காலம் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. முழங்கால் வலியோடு லிஃப்ட்டுக்கு மேலே உள்ள ஒரு மாடியைப் படியேறிப் போயிருக்கிறாள். ரெஜிஸ்டரில் அவள் கையெழுத்து, காரணம் 'தண்ணித் தொட்டி'.

15.9.2024

சடங்கு எது, பழக்கம் எது என்று இழுத்துக்கொண்டே போகிறோம். நான் ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். ஒருநாள் விட்டுப்போனால் யாருக்காவது மனம் வலித்தால் சடங்கு. விட்டதே தெரியாவிட்டால் பழக்கம். எங்கள் வீட்டுக் கணக்கு இது:

கணவர் வெளியே கிளம்பும்போது கேஸ் வால்வை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பது, பழக்கம். அது அவர் பயம், எங்களுக்குப் பங்கில்லை.

பையன் பரீட்சைக்குத் தாத்தாவின் பழைய மைப்பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால்பாயின்ட்டில் எழுதுவது, சடங்கு. மை கிடையாது அதில், நிப் உடைந்தது. அதை எடுத்து ஒழுங்கு செய்யப் போனேன், ரகளை.

அம்மா மதிய நேரத்தில் ஹாலில் ஃபேனை அணைத்துவிட்டு வியர்க்க உட்கார்ந்திருப்பது, பழக்கம். சிக்கனம் பிடித்தவள். நேற்று சனிக்கிழமை வீட்டில் இருந்ததால் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் நாங்கள் கட்டத்தான் செய்கிறோம், நீ ஏம்மா வேகுறே என்று சத்தம் போட்டுவிட்டுப் போட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

போகும்போது "வர்றேன்" என்று சொல்வது, சடங்கேதான். யாராவது "போறேன்" என்றால் எங்கள் அப்பா, சாமியும் சகுனமும் இல்லாத எங்கள் அப்பா, "போறேன் என்ன போறேன், வர்றேன்னு சொல்லு" என்பார். ஒருதரம் கேட்டேன், இது மூடநம்பிக்கை இல்லையா என்று. "இது தமிழ்" என்றார்.

22.9.2024

முதலில் கேள்வி கேட்டவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2014இல் மைக்கேல் நார்ட்டன், பிரான்செஸ்கா ஜீனோ என்ற இரண்டு பேர், ஹார்வர்டில், இழப்பும் சடங்கும் பற்றிச் சில சோதனைகள் செய்தார்கள். அதில் ஒன்று வேடிக்கையானது. ஒரு கூட்டத்தை உட்காரவைத்து, உங்களில் ஒருவருக்குக் குலுக்கலில் 200 டாலர் என்று ஆசைகாட்டி, விழுந்தவரை எல்லார் கண் முன்னாலும் பணத்தோடு அனுப்பிவிடுவது. தோற்றவர்களில் ஒரு பாதியிடம், இப்போது மனதில் உள்ளதைப் படமாக வரையுங்கள், அதன் மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள், கிழித்துப் போடுங்கள், மனதுக்குள் பத்து வரை ஐந்து தடவை எண்ணுங்கள் என்றார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு வருத்தம் குறைவாக இருந்ததாம். சடங்கில் நம்பிக்கை இல்லை என்றவர்களுக்கும் குறைந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். உப்பு வரை கவனமாகக் கேட்டாள். "மொளகாய் போடலையா?" என்றாள்.

எனக்கு முழுத் திருப்தி இல்லை. வராத 200 டாலரும் வந்து போன அப்பாவும் ஒன்றா? அரை மணி நேரத்தில் கைக்கு வந்த உப்புச் சடங்கும், பாட்டி செய்து அம்மா பார்த்து வளர்ந்ததும் ஒன்றா? ஆனாலும் 'நம்பாமல் செய்தால் நடிப்பு' என்ற வாக்கியம் அன்றைக்கு இருந்த உறுதியோடு இப்போது நிற்கவில்லை. நடிப்பாகவே இருந்தாலும் கை செய்வதை மனம் கொஞ்சம் கேட்கிறது போலிருக்கிறது.

2.10.2024, மஹாளய அமாவாசை

காக்கைக்குச் சோறு வைப்பது வடக்கிலிருந்து வந்த புராணப் பழக்கம், தமிழர் வழக்கமே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். குறுந்தொகை 210ஆம் பாட்டைப் பார்க்கவும். பாடியவர் பெயரே காக்கைபாடினியார் நச்செள்ளையார். பிரிந்து போனவன் திரும்பி வந்துவிட்டான், தலைவியைத் தேற்றி வைத்ததற்குத் தோழியைப் பாராட்டுகிறான். தோழியோ பெருமையைக் காக்கைக்குக் கொடுத்துவிடுகிறாள். விருந்து வரப்போகிறது என்று கரைந்ததே, அந்தக் காக்கைக்கு நள்ளி என்ற வள்ளலின் காட்டில் இடையர்கள் வளர்த்த பசுக்களின் நெய்யும் தொண்டி என்ற ஊரில் விளைந்த நெல்லின் சோறுமாக ஏழு பாத்திரத்தில் ஏந்தினாலும் குறைவுதான் என்கிறாள்.

என் கட்சிக்கு இது முழுச் சாட்சி ஆகாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காக்கை முன்னோர் இல்லை. அந்தச் சோறு செத்தவருக்கும் இல்லை, வழியில் இருப்பவருக்கு. இரண்டும் எங்கே எப்படிச் சேர்ந்தன என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இன்று லீவு, காந்தி ஜெயந்தி, அதனால் நானும் மாடிக்குப் போனேன். சமையலில் ஒரு மாற்றம், வாழைக்காய் இல்லை. உருளைக்கிழங்கு. அது நாட்டுக் காயா என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு உயிர்.

காக்கை வந்ததா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று வந்தது, கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. இதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

12.10.2024

நேற்று ஆயுத பூஜை. அப்பா மில்லில் அன்றைக்கு ரிங் ஃப்ரேம் என்ற நூற்கும் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாவிலை, வாழைக்கன்று. பொரி, கடலை, சுண்டல். அப்பா சந்தனம் வைக்க மாட்டார், பொரி சாப்பிடுவார். பூஜைக்கு முந்தின ராத்திரி வீட்டில் ஒரு வேலை செய்வார், இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. சொந்த ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, மெஷின் ஆயில் தொட்டுத் துடைத்து, அளவு வரிசையில் பேப்பர் மேல் அடுக்குவார். 6-7, 8-9, 10-11 என்று. வருடத்துக்கு ஒருமுறை, அந்த ஒரு ராத்திரி. ஏன் இன்றைக்கு என்று கேட்டால் "நாளைக்கு மில் லீவு, நேரம் இருக்கு" என்பார். நாளைக்கு லீவு என்றால் நாளைக்குத்தானே நேரம்?

பெட்டி இப்போது என்னிடம். வியாழன் இரவு பையன் கேட்காமலே அதை இறக்கினான். மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும், என் ஸ்கூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் எடுத்தான், திட்டினேன். துடைத்து அடுக்கினோம். 12-13 இல்லை. எவனோ இரவல் வாங்கித் திருப்பவில்லை என்று அப்பா பல வருடம் பேசிய ஸ்பேனர் அதுதான். அந்த இடத்தில் பையன் இடைவெளி விட்டு அடுக்கினான்.

காலையில் அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். ஸ்பேனருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியின் மூடியில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

15.12.2024

செப்டம்பர் குறிப்பில் ஒன்றைத் தப்பான பட்டியலில் போட்டிருக்கிறேன்.

நேற்று சனி. முந்தின நாள் கார்த்திகை தீபம், ஏற்றி மிஞ்சிய அகல்களை அம்மா கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு எழுந்துபோய் ஹால் ஃபேனை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்கழி நெருங்கும் கோயம்புத்தூரில் அது பெரிய விஷயம் இல்லை, நான் பேசாமல் துணி மடித்தேன். பையன்தான் கேட்டான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்: "அம்மாச்சி, இன்னைக்குத் தேதி 14ஆ?"

எனக்கு மடித்த துணி கையிலேயே நின்றுவிட்டது. செப்டம்பரில் நான் சத்தம் போட்ட சனிக்கிழமையும் 14தான். மற்ற மாதங்களில் அந்தத் தேதிக்கு நான் ஆபீஸில் இருந்திருக்கிறேன்.

நாலரைக்கு எழுந்து போட்டாள்.

ராத்திரி கேட்டேன், பொறுக்காமல். "அந்த ஃபேன் கரகரன்னு சத்தம் போடுது, தலைவலி" என்றாள். ஃபேன் சத்தம் போடுவது உண்மை. பேரிங் போயிருக்கிறது, ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

17.12.2024

அவளை விட்டுவிடுங்கள், தோண்டாதீர்கள் என்று மூன்று பேர். தோண்டவில்லை. "இதுவும் மூடநம்பிக்கைதானே, கண்கள் எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டனவே" என்று ஒருவர். அவருக்குப் பதில் எழுதி அழித்தேன், இரண்டு தடவை.

29.1.2025, தை அமாவாசை

புதன்கிழமை, ஆபீஸ் நாள். அம்மா தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலையில் லிஃப்ட்டிலிருந்து இறங்கும்போது வாட்ச்மேன் சாவியை நீட்டினார். அம்மா ஊரில் இல்லை அண்ணாச்சி என்றேன். "தெரியும். நீங்க போவீங்கன்னு எடுத்து வச்சேன்" என்றார்.

டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. பஸ்ஸுக்கு இருபது நிமிடம். ரெஜிஸ்டரில் எழுதினேன், தண்ணித் தொட்டி. மேலே போனால் கைப்பிடிச் சுவரில் ஏற்கெனவே ஒரு இலைத்துண்டு, மேலே கொஞ்சம் சோறும் ஒரு துண்டுக் கருவாடும். அண்ணாச்சி வைத்தது. பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். கூப்பிடலாமா என்று நின்றேன். இந்தத் தடவை கீழே யாரும் கார் கழுவவில்லை.

கூப்பிட்டேன். நடிப்பா என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை. பஸ் போய்விட்டது, அது மட்டும் நிச்சயம்.

15.2.2025

அம்மா திரும்பி வந்துவிட்டாள். போன ஞாயிறு எலக்ட்ரீஷியன் வந்து பேரிங்கை மாற்றினார். மாற்ற வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது, கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். இப்போது ஃபேன் சுற்றுவதே தெரியவில்லை.

நேற்று 14, வெள்ளி. ஆபீஸில் இருந்தேன். இரண்டரைக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, பையன் பிராக்டிகல் முடிந்து வந்துவிட்டானா என்றெல்லாம் கேட்டேன். கேட்க நினைத்ததைக் கேட்க வாய் வரவில்லை. அம்மா பேசுவதற்குப் பின்னால் ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. பேரிங் புதுசு, ஓடினாலும் கேட்காது.